பள்ளியில் நல்ல பிள்ளை, வீட்டு வாசலில் வெடிப்பு: மகனுக்கு எப்படிப் பழக்குவது?

வாசல்கோலம்:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு, ஈரோட்டுப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. நாலரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். போன வருடம் கூடவே ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) இருக்கிறது என்றார் டாக்டர். நன்றாகப் பேசுவான், படிப்பில் குறை இல்லை, எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகும் என்பது எல்லாம் மனப்பாடம். பள்ளியில் சாயங்காலம் வரை ஓரளவு தாக்குப்பிடித்துவிடுகிறான். வேன் வாசலில் இறக்கிவிட்டதும் ஆரம்பிக்கும். ஷூ ஒரு பக்கம் பறக்கும், பை ஒரு பக்கம். சட்டைக் கையைக் கடித்துக் கடித்து முழங்கை வரை ஈரமாக இருக்கும். "மத்தியானம் சாப்பிட்டியா தங்கம்" என்று கேட்டால்கூடத் தரையில் விழுந்து கத்துகிறான். குக்கர் விசில், மிக்சி, பக்கத்து வீட்டு பைக் எல்லாமே அந்த நேரத்தில் ஆகாது. இதே குக்கர் காலையில் கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவான், அதுதான் எனக்குப் புரியவில்லை.

பள்ளியில் கூப்பிட்டு "இவனுக்கு செல்ஃப் ரெகுலேஷன் கம்மி, வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்றார்கள். தன் உணர்ச்சியைத் தானே நிதானப்படுத்திக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சரி என்று நெட்டில் பார்த்து நாலு கலர் சார்ட் ஒட்டினேன். நீலம் என்றால் சோர்வு, பச்சை என்றால் நிதானம், மஞ்சள் என்றால் பதற்றம், சிவப்பு என்றால் கட்டுமீறல். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். ஆனால் சிவப்பு வரும் நேரத்தில் சார்ட்டைக் கிழித்துத்தான் போடுகிறான். "மூச்சை இழுத்து விடு கண்ணா" என்றால் "மூச்சு வேண்டாம்! மூச்சு வேண்டாம்!" என்று இன்னும் சத்தம் அதிகமாகிறது.

இரண்டு வாரம் முன்னால் உறவில் ஒரு கல்யாணம். தவில் ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். இழுக்கப் போன என் நாத்தனார் பையனுக்கு ஓங்கி ஒரு அறை. அங்கேயே எல்லார் முன்னாலும் மாமியார், "செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார்" என்று ஆரம்பித்துவிட்டார்.

கேள்வி இதுதான். இந்தப் பிள்ளைகளுக்குத் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ள நிஜமாகவே பழக்க முடியுமா, எங்கே ஆரம்பிப்பது? "பொறுமையாக இருங்கள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. இன்னொன்று, தெரபி சென்டரில் எடை வைத்துத் தைத்த போர்வை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? டாக்டர் மாத்திரை பற்றியும் லேசாகப் பேச்செடுத்தார், அதுவும் பயமாக இருக்கிறது.

—

ஓ.டி. அக்கா:

வணக்கம் மா. நான் மதுரையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளர். உங்கள் பிள்ளையைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காலையில் தாங்குகிற குக்கரைச் சாயங்காலம் ஏன் தாங்கவில்லை என்று கேட்டீர்களே, பதில் அதிலேயேதான் இருக்கிறது. காலையில் அவன் தூங்கி எழுந்து புதிதாக இருக்கிறான். பகல் முழுக்க ஐம்பது பிள்ளைகளின் சத்தம், மின்விசிறி, மணி, கழுத்தில் உரசும் காலர், "நேரா உட்காரு", யார் எப்போது இடிப்பார்கள் என்று தெரியாத வரிசை, இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறான். வீட்டு வாசலில் வெடிப்பது உங்கள் மேல் கோபம் இருப்பதால் இல்லை. அதற்கு மேல் பிடித்துவைக்க அவனிடம் எதுவும் மிச்சம் இல்லை, அதுவும் உங்களிடம் வெடித்தால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை நடுவில் ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நிற்கும். மெல்ட்டவுனில், அதாவது தாங்க முடியாமல் உடைந்துபோன நிலையில், இருக்கும் பிள்ளைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, அந்த நேரத்தில் பேச்சு உள்ளே போகவே போகாது. அதனால்தான் சார்ட்டும் மூச்சுப் பயிற்சியும் வேலைக்கு ஆகவில்லை. அவை கெட்ட முறைகள் இல்லை, நேரம்தான் தப்பு. நீச்சலைக் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில்தான் பழக்குவோம், மூழ்கிக்கொண்டிருப்பவனுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை.

ஏழு வயதில், அதுவும் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்திருக்கும்போது, தானாக அடங்குவது என்பது ரொம்பப் பின்னால் வரும் படி. முதலில் உங்கள் நிதானத்தைத்தான் அவன் கடன் வாங்க வேண்டும். கேட்பதற்கு ஏதோ தத்துவம் மாதிரி இருக்கும், செய்வது என்னவோ சாதாரணம்தான். குரலைத் தாழ்த்துங்கள், கேள்வி கேட்காதீர்கள், நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள், "அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று ஒரே வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். இதே மாதிரி நூறு தடவை வெளியிலிருந்து கிடைத்த பிறகுதான் உள்ளே அது பழக்கமாகும்.

இரண்டாவது, உடம்பு. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் தவிர, தசையும் மூட்டும் மூளைக்கு அனுப்பும் சேதி ஒன்று உண்டு. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதில்தான் தெரியும். தள்ளுவது, இழுப்பது, சுமப்பது, மெல்லுவது எல்லாம் அதற்குத் தீனி. நிறையப் பிள்ளைகளுக்கு இது நிதானத்தைக் கொடுக்கும். உங்கள் மகன் சட்டைக் கையைக் கடிப்பதே தானாகக் கண்டுபிடித்த வைத்தியம். அதைப் பிடுங்காதீர்கள், கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள். வேன் இறங்கியதும் வாயில் ஒரு துண்டு கரும்பு, சீசனில் பனங்கிழங்கு, இல்லாவிட்டால் தேங்காய்ச் சில், கெட்டியான தட்டை. பேச்சு வேண்டாம். ஷூ, சாக்ஸைக் கழற்றிவிட்டு, யூனிஃபார்மை மாற்றிப் பழைய பருத்தி டிராயர் பனியன். அப்புறம் ஒரு கனமான வேலை. அரை வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிப் போவது, சப்பாத்தி மாவு பிசைவது, தலையணைகளை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோவது, இப்படி ஏதாவது ஒன்று. வீட்டில் கொக்கி இருந்தால் புடவையில் தூளி கட்டுங்கள். முன்னும் பின்னுமாக மெதுவாக ஆடுவது பெரும்பாலான பிள்ளைகளை அடக்கும், சுற்றிவிடுவது சிலரைக் கிளப்பிவிடும். முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சத்தத்துக்கு இரண்டு விஷயம். ஒன்று முன்னறிவிப்பு: "இப்போ மிக்சி போடப்போறேன், பத்து எண்ணறதுக்குள்ள நிறுத்திடுவேன்." இன்னொன்று, சுவிட்சை அவன் கையில் கொடுப்பது. எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் ரொம்பக் கொல்லும். தானே போட்டுத் தானே அணைத்தால் அதே சத்தம் பாதி ஆகிவிடும். கல்யாணம் மாதிரி இடங்களுக்குக் காது மூடி வாங்கிக் கொடுங்கள். ஆனால் வீட்டில் நாள் முழுக்கப் போட விடாதீர்கள், காது அதற்கே பழகி இன்னும் கூச்சம் அதிகமாகலாம்.

எதற்கும் முன்னால் பசி, தாகம், மலச்சிக்கல், பல்வலி, தூக்கம் இந்த ஐந்தையும் பார்த்துவிடுங்கள். வயிறு உப்பியிருப்பதோ ஒன்றுக்கு முட்டுவதோ பல பிள்ளைகளுக்கு ஒரு உணர்வாகத் தெரியாது, எரிச்சலாகத்தான் தெரியும். பள்ளி பாத்ரூம் நாற்றத்துக்குப் பயந்து காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

போர்வைக்கு வருகிறேன். 2014-ல் பிரிட்டனில் ஆட்டிசக் குழந்தைகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். எடைப் போர்வையால் தூக்கம் கூடவில்லை, ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. அவ்வளவுதான். ஆறாயிரம் கொடுக்காதீர்கள். கனமான ஜமுக்காளத்தை மடித்துக் காலில் போட்டுப் பாருங்கள், பிடித்தால் பார்க்கலாம். எதைப் போட்டாலும் அவனே உதறித் தள்ள முடிய வேண்டும், தலைப் பக்கம் வரக்கூடாது.

என் தொழிலைப் பற்றியே ஒன்று. தள்ளுவது, சுமப்பது, ஆடுவது என்று மேலே சொன்னேனே, புலன்களை ஒருங்கிணைக்கும் இந்தச் சிகிச்சைமுறையை வகுத்தவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. பலன் பார்க்கிற குடும்பங்கள் நிறைய. ஆனால் ஆய்வு ஆதாரம் இன்னும் குறைவு என்றும், குறிப்பான இலக்கு வைத்து இத்தனை வாரத்தில் மாற்றம் தெரிகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-ல் சொன்னது. "வருஷக்கணக்கில் வாருங்கள், தானாக மாறும்" என்று யாராவது சொன்னால், என்ன மாறும், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளும் தெரபிஸ்ட் உங்களுக்கு வேண்டாம்.

—

பழைய பேட்ஸ்மேன்:

அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒரு அப்பாவாக இரண்டு மூன்று சேர்க்கிறேன். என் மகனுக்கு இப்போது பதினைந்து. ஆட்டிசம்தான்.

சிஸ்டர், ஒரு பழைய நோட்டு எடுங்கள். வெடித்த நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டான், என்ன உடுத்தியிருந்தான், இவ்வளவு போதும். எங்கள் வீட்டில் புதன்கிழமையானால் போர்க்களம். ஏன் என்றே தெரியாது, டீச்சரைச் சந்தேகப்பட்டோம், வேன் டிரைவரைச் சந்தேகப்பட்டோம். நோட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். என் அம்மா ஆசை ஆசையாகக் கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்டு வைப்பார். பயலுக்கு அது நாள் முழுக்க உப்புத்தாளைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்திருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. கஞ்சியை நிறுத்தினோம், கழுத்து லேபிளைத் தையல் பிரித்து எடுத்தோம் (கத்தரித்தால் மிச்சம் நிற்கும் நுனி இன்னும் குத்தும், கவனம்), புதுத் துணியை நாலைந்து தடவை துவைத்த பிறகே போட்டோம். புதன்கிழமை மற்ற கிழமைகள் மாதிரி ஆனது. எந்தத் தெரபிஸ்ட்டாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, வீட்டில் இருக்கிறவர்களால்தான் முடியும்.

அடுத்தது நேரம். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்" என்பது அவனுக்கு வெறும் சத்தம். ஐந்து நிமிடம் என்றால் கண்ணுக்குத் தெரியுமா? இவன் டி.வி.யில் கிரிக்கெட் பார்ப்பவன், அதனால் "இன்னும் ரெண்டு ஓவர், அப்புறம் குளியல்" என்று ஆரம்பித்தேன். ஓவர் முடிந்ததும் அவனே எழுந்து போவான். உங்கள் பையன் பஸ் பிரியன் என்கிறீர்கள். "இன்னும் ரெண்டு ஸ்டாப், அப்புறம் ஹோம்வொர்க்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு அட்டையில் ஸ்டாப் பெயர்களாக எழுதி ஒட்டி ஒவ்வொன்றாகத் தாண்டச் சொல்லுங்கள். சாயங்கால வேலை முழுவதையும் ஒரு பஸ் ரூட் ஆக்கிவிடலாம்.

மாமியார் விஷயம். என் அம்மாவும் இதே வசனம்தான், "நாலு போட்டா எல்லாம் சரியாயிடும்." வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது, விட்டுவிட்டேன். பதிலுக்கு ஒரு வேலை கொடுத்தேன். முறுக்கு பிழிவது. அச்சில் கெட்டி மாவை அடைத்து இரண்டு கையாலும் அமுக்க வேண்டும், தோளிலிருந்து பலம் கொடுக்க வேண்டும், அக்கா சொன்ன தசை வேலை இதைவிட வேறு கிடையாது. அடுப்புப் பக்கம் இல்லை, துணி விரித்து அதன் மேல் பிழிவான், பொரிப்பது பாட்டி. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் வேலை செய்வதைப் பார்த்ததும் அம்மாவே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார், என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

—

நலம்நாடி:

எங்கள் சொந்தக்காரர் பையனுக்கு ஸ்டெம் செல் போட்டார்கள், நல்ல மாற்றம் என்கிறார்கள். மூலத்தையே சரி பண்ணாமல் கரும்பு, முறுக்கு என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? நம்பர் வேண்டுமானால் தருகிறேன்.

—

ஓ.டி. அக்கா:

தயவுசெய்து நம்பர் எதுவும் இங்கே போடாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, அப்படி விளம்பரம் செய்வது மருத்துவரின் நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்டுவிட்டு வந்து அழுகிற பெற்றோரைப் பார்த்தவள் நான். கரும்பு பத்து ரூபாய்.

—

இரவல்நிலா:

வயது முப்பதுக்கு மேல், ஆட்டிசம் என்று தெரிந்ததே பெரியவன் ஆன பிறகுதான். உங்கள் மகனின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் மன்னிக்கவும்.

இந்தப் பேச்சு எங்கே போனாலும் கடைசியில் "சத்தம் போடாமல் உட்கார வைப்பது எப்படி" என்று முடிகிறது. அடங்கியிருக்கும் பிள்ளை நிதானமாக இருக்கிறது என்று யார் சொன்னது? நான் பள்ளியில் ரொம்ப அமைதி, டீச்சர்களுக்குச் செல்லப் பிள்ளை. உள்ளே காது இரைந்துகொண்டிருக்கும், பெஞ்சுக்கு அடியில் நகத்தால் தொடையைக் கீறிக்கொண்டிருப்பேன். அதையும் "நல்ல செல்ஃப் கண்ட்ரோல்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

உங்கள் பையன் கையை உதறுகிறானா, முன்னும் பின்னும் ஆடுகிறானா, பஸ் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானா? அதுதான் அவனுடைய ரெகுலேஷன். ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. விருந்தாளி வந்தால் வெட்கம் என்று அதை நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினால் எப்படி? சிலருக்கு மூச்சைக் கவனி என்றாலே மூச்சு முட்டும், எனக்கும் அப்படித்தான். "மூச்சு வேண்டாம்" என்று அவன் சொல்வது பிடிவாதம் இல்லை, தகவல்.

கற்றுக்கொடுக்க நினைத்தால் ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள். "போதும்." அல்லது ஒரு அட்டை, அல்லது கை சைகை. நன்றாக இருக்கும்போது விளையாட்டாகப் பழக்குங்கள். கிச்சுகிச்சு மூட்டுங்கள், "போதும்" என்றதும் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, நகம் வெட்டும்போது, எல்லாவற்றிலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இன்னும் ஒரு விரல்தான் பாக்கி, முடித்துவிடலாம் என்று பிடித்து வெட்டினீர்கள் என்றால் அந்தச் சொல் செத்தது. அப்புறம் அவனிடம் மிச்சம் இருப்பது அறைதான்.

கல்யாணத்தில் கெட்டிமேளம் எப்போது வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே இருக்கிறது. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவனை அழைத்துக்கொண்டு வெளியே காருக்கோ பந்தி முடிந்த ஹாலுக்கோ போய்விடலாம். நாலு பேர் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். போனதும் முதல் வேலை, மண்டபத்தில் அவன் ஒதுங்க ஒரு இடத்தை அவனோடு சேர்ந்தே தேர்ந்தெடுத்து வையுங்கள். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான் என்றீர்கள், அதுவே அவன் செய்த சரியான காரியம்! பாதுகாப்பான இடத்தைத் தானே தேடிப் போனான், அங்கிருந்து இழுத்தார்கள், அடித்தான்.

ஓ.டி. அக்காவிடம் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. காது மூடி நாள் முழுக்கக் கூடாது என்பது. நான் ஆபீஸில் எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டுதான் சம்பளம் வாங்குகிறேன்.

—

ஓ.டி. அக்கா:

தம்பி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பெரியவர் தனக்கு எது தேவை என்று தெரிந்து போடுவது வேறு, வளர்கிற பிள்ளை வீட்டில் அமைதியான நேரத்திலும் கழற்ற மறுப்பது வேறு. பள்ளி, கடைத்தெரு, விசேஷம் என்றால் தாராளமாகப் போடட்டும், அங்கே நேரக் கணக்கு பார்க்க வேண்டாம். கை உதறுவது, ஆடுவது பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தன்னையோ பிறரையோ காயப்படுத்தாதவரை அதில் கை வைக்கக் கூடாது.

—

ரெட்டைவால் அம்மா:

மாத்திரை பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது, ஏ.டி.எச்.டி. மட்டும். இவள் கத்துகிற ரகம் இல்லை. கணக்கு வரவில்லை என்றால் அப்படியே உறைந்துவிடுவாள், அப்புறம் ஒரு பென்சில் கீழே விழுந்ததற்காக அரை மணி நேரம் அழுவாள்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, நடத்தை முறைகள், அதற்கப்புறம்தான் மருந்து. ஆறு தாண்டினால் இரண்டும் சேர்த்துப் பேசுவார்கள். என் மகளுக்குக் கொடுப்பது மீதைல்ஃபெனிடேட். அது எதையும் கற்றுக்கொடுக்காது. கோபம் வருவதற்கும் கை நீளுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடும், நாம் சொல்லிக்கொடுத்தது அந்த இடைவெளியில்தான் உட்காரும். பசி குறையும், அதனால் மாத்திரைக்கு முன்னால் காலையில் வயிறு நிறைய இட்லி, ராத்திரி இன்னொரு தரம் சாப்பாடு. டாக்டர் உயரம், எடை, தூக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன், உங்கள் டாக்டரிடம் பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ரஸ்ஸல் பார்க்லி என்று ஏ.டி.எச்.டி. ஆராய்ச்சியில் பெரிய பெயர். தன்னைக் கட்டுப்படுத்தும் திறனில் இந்தப் பிள்ளைகள் வயதுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் பின்னால் இருப்பார்கள் என்பார் அவர். அந்தக் கணக்கில் உங்கள் ஏழு வயதுப் பையன் இந்த ஒரு விஷயத்தில் ஐந்து வயது. யு.கே.ஜி. பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்ப்போம்? இதைத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கோபம் பாதி குறைந்தது. வாரக் கடைசியில் ஸ்டார் எண்ணிப் பரிசு என்பதெல்லாம் இவர்களுக்கு வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை ரொம்பத் தூரம். செய்த கையோடு கொடுங்கள்: "நீயாவே போய் தூளியில உட்கார்ந்தியே, பார்த்தேன்." பொருளாக எதுவும் வேண்டாம், பார்த்தேன் என்று சொன்னாலே போதும்.

—

கரும்பலகை:

அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். பள்ளி "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று கைகழுவியது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பகலில் ஏறுகிற பாரத்தைப் பகலிலேயே இறக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஏ.டி.எச்.டி. தனியாக அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் கடிதம் எழுதும்போது ஆட்டிசத்தை முன்வைத்து எழுதுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று பிரிவு 16-ல் இருக்கிறது. ஆனால் முதல் நாளே சட்டத்தைத் தூக்கிக் காட்டாதீர்கள் மேடம், வகுப்பு டீச்சர் நம் பக்கம் இருந்தால்தான் காரியம் நடக்கும். செலவில்லாத விஷயங்களாகக் கேளுங்கள். இரண்டு பீரியடுக்கு ஒரு தடவை ஏதாவது தூக்கும் வேலை: நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோவது, கரும்பலகை அழிப்பது, பெஞ்சை நேராகத் தள்ளுவது. தண்டனை மாதிரி இல்லாமல் "லீடர்" வேலை மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். பிரேயரில் வரிசைக் கடைசியில் ஸ்பீக்கருக்குத் தள்ளி நிற்க வேண்டும். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வேனுக்குக் கிளம்ப விட வேண்டும், அந்த மாடிப்படி நெரிசல் இல்லாமல் போனாலே சாயங்காலம் பாதி இறங்கிவிடும். இரவல்நிலா சொன்ன "போதும்" அட்டை டீச்சர் மேசையிலும் ஒன்று இருக்கட்டும். முக்கியமாக, பி.டி. பீரியடைத் தண்டனையாகப் பிடுங்கக் கூடாது. நிறைய இடத்தில் நடப்பது இது: ஆடாமல் உட்காரவில்லை என்று, ஆடியே ஆக வேண்டிய பிள்ளையின் விளையாட்டு நேரத்தை வெட்டுவது.

தெரபி செலவுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, ஓ.டி., பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தீர்களா? எடுத்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு, அதில் தெரபிக்கும் ஒரு பகுதி உண்டு. சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனத்திலும் பார்க்கலாம்.

—

வாசல்கோலம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மேசைக்கு அடியில் போனது சரியான காரியம் என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அட்டை எடுக்கவில்லை, "முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்" என்று வீட்டில் தயக்கம். இப்போது பேசுகிறேன்.

இன்றைக்கு வேன் வந்ததும் எதுவும் கேட்காமல் கரும்பை நீட்டினேன். முறைத்தான், வாங்கினான், வாசல் படியிலேயே உட்கார்ந்து மென்று துப்பிக்கொண்டிருந்தான். ஷூ பறந்தது, ஆனால் கத்தல் இல்லை. ஒரு நாளை வைத்துச் சொல்லக் கூடாதுதான்.

இன்னும் ஒரு சந்தேகம். அடிப்பதை மட்டும் எப்படிக் கையாள்வது? காரணம் புரிகிறது, ஆனாலும் அந்தப் பிள்ளைக்குக் கன்னம் சிவந்துவிட்டது. விட்டுவிடவும் முடியாது இல்லையா? அங்கேயே ஸாரி சொல்ல வைத்தேன், கிளிப்பிள்ளை மாதிரி சொன்னான்.

—

ஓ.டி. அக்கா:

விட்டுவிட வேண்டாம், அந்த நேரத்தில் வேண்டாம், அவ்வளவுதான். வெடிக்கும்போது மற்றப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது, கையில் கிடைக்கும் பொருளை அகற்றுவது, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிக் குறுக்கே நிற்பது, இது போதும். ரோட்டுக்கு ஓடுவது மாதிரி ஆபத்து இருந்தால் மட்டும் பிடியுங்கள். இறங்கிய பிறகும் உடனே விசாரணை வேண்டாம், தண்ணீர் குடிக்கட்டும், கொஞ்சம் தூங்கினாலும் தூங்கட்டும். அன்று ராத்திரியோ மறுநாளோ குச்சி மனிதர்களாக வரைந்து காட்டுங்கள்: தவில், நீ, மேசை, அண்ணன் இழுத்தான், நீ அடித்தாய், அண்ணனுக்கு வலித்தது. அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு, அடிப்பதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று அவனையே கேளுங்கள். ஸாரி என்ற சொல்லை விட அண்ணனுக்கு ஏதாவது செய்து கொடுப்பது நன்றாகப் புரியும். அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: இவன் ஒதுங்கி உட்கார்ந்தால் இழுக்காதே, பெரியவர்களைக் கூப்பிடு.

—

வாசல்கோலம்:

சரி அக்கா, ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம், அதற்குள் வரைந்து பேசிவிடுகிறேன். வியாழக்கிழமை பள்ளியில் டீச்சரைப் பார்க்கிறேன், நோட்டுக் கட்டும் வேன் நேரமும் இரண்டு மட்டும் முதலில் கேட்கலாம் என்று இருக்கிறேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் பயந்துவிடுவார்கள்.

பேட்ஸ்மேன் அண்ணா, அந்த முறுக்கு அச்சு எந்த மாதிரி வாங்க வேண்டும்? மாமியாரிடம் இருப்பது கைப்பிடியைத் திருகுகிற வகை.

—

பழைய பேட்ஸ்மேன்:

திருகுவது வேண்டாம் சிஸ்டர், அதில் மணிக்கட்டுதான் சுற்றும், தோள் வேலை செய்யாது. இரண்டு பக்கமும் பிடி வைத்து மேலிருந்து அமுக்குகிற வகை பாத்திரக் கடையில் கிடைக்கும், மரத்திலும் உண்டு பித்தளையிலும் உண்டு. சின்ன சைஸ் பாருங்கள், கை சின்னது. ஒற்றைத் துளைத் தேன்குழல் வில்லையில் ஆரம்பியுங்கள், மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து கொடுத்துவிட்டு, பழகப் பழகக் கெட்டியாக்கிக்கொண்டு போகலாம்.